பதிவேடு குடிபெயர்கிறது

கல்முனைக் கடைத்தெருவின் இரைச்சலில் கடலின் சத்தம் கேட்காது. காற்றில் அதன் உப்பு மட்டும் வந்துகொண்டே இருக்கும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று அடுத்தடுத்து ஊர்கள். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் ஒட்டி ஒட்டி வீடுகளும் கடைகளும். இந்த ஒடுங்கிய நிலத்தில் ஜன்னல் கம்பி முதல் மோட்டார் சைக்கிள் சங்கிலிவரை எல்லாமே வயதுக்கு முன்பே துருப்பிடிக்கும். மேசைக்கடியில் இரவு பகலாக ஓடும் சேர்வருக்கு மட்டும் விலக்கு எங்கிருந்து வரும்?

காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். விசிறி உள்ளே இழுத்த தூசி, சேர்வரின் மின்சுற்று அட்டைமேல் படிந்து, இரவு ஈரத்தில் மெல்லிய உப்புக் கரைசலாகி, அருகருகே ஓடும் செப்புக் கோடுகளை அரிக்கத் தொடங்கும். தூசி அடைத்த விசிறியால் சூடு ஏறும். சூடு 10 பாகை கூடினால் மின்தேக்கியின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியியலாளர்களின் கைக்கணக்கு. உள்ளூர் மின்வெட்டும் ஏற்ற இறக்கமான மின்னழுத்தமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆக, ஆறேழு வருடம் உழைத்த சேர்வர் ஒன்றை மாற்றத்தான் வேண்டும். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

தகராறு அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது. மாற்றுவதென்றால் எதை மாற்றுவது?

ஓர் அரிசி ஆலை, ஒரு தனியார் மருத்துவமனை, மூன்று கிளைகள் வைத்திருக்கும் ஒரு துணிக்கடை. கணினிகள் பத்துப் பதினைந்தைத் தாண்டியதும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கடவுச்சொல் வைத்துப் பராமரிப்பது தலைவலியாகிவிடும். அப்போதுதான் டொமைன் சேர்வர் வருகிறது. யார் ஊழியர், யார் எந்தக் கணினியில் அமரலாம், கணக்காளரின் கோப்பை யார் திறக்கலாம் என்பதையெல்லாம் ஒரே பதிவேட்டில் வைத்திருப்பது அதன் வேலை. காலையில் ஊழியர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டும்போது அவர் முன்னால் இருக்கும் கணினி தீர்ப்புச் சொல்வதில்லை. அது சேர்வரிடம் கேட்டுத்தான் கதவைத் திறக்கிறது. மைக்ரோசொப்ட் இந்தப் பதிவேட்டுக்கு வைத்த பெயர் அக்டிவ் டைரக்டரி. 2000 பெப்ரவரியில் விண்டோஸ் 2000 உடன் வெளிவந்து, உலகெங்கும் ஏராளமான அலுவலகங்களை ஆட்கொண்டது.

அந்தப் பதிவேடு மனிதரைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொருவருக்கும் நீண்ட எண் ஒன்று உண்டு. எண்ணின் முற்பகுதி டொமைனுக்கு உரியது, எல்லோருக்கும் பொது. கடைசித் துண்டுதான் ஆளுக்கு ஆள் வேறுபடும். கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் இதை விளங்கப்படுத்துவது சுலபம். இங்கே ஒருவரைப் பற்றி விசாரிக்கும் பெரியவர் எந்தக் குடி என்றுதான் முதலில் கேட்பார். தாய்வழி வரும் குடி ஊரறிந்த அடையாளம். பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்து தன் குடியினருக்குச் சாட்சி நிற்கும் மரபு உண்டு. கணினி எண்ணின் முற்பகுதி குடி, கடைசித் துண்டு ஆள், சேர்வர் மரைக்காயர். பெயரை மாற்றிக்கொள்ளலாம், திருமணமாகி வேறு வீட்டுக்குப் போகலாம், குடி மாறுவதில்லை.

இதன் விளைவு பல கடைக்காரர்களைத் திகைக்க வைத்திருக்கிறது. பழைய சேர்வரைத் தூக்கி வைத்துவிட்டுப் புதியதை வாங்கி, அதே டொமைன் பெயர், அதே ஊழியர் பெயர்கள், அதே கடவுச்சொற்கள் என்று ஒன்று விடாமல் தட்டி முடிக்கிறார்கள். மறுநாள் காலை ஒரு கணினியும் உள்ளே விடாது. பெயர்கள் ஒன்றுதான், ஆனால் எண்கள் வேறு. கணினிகளின் கண்ணில் அது முன்பின் தெரியாத ஒரு குடி. கோப்புகளின் பூட்டுகளில் எழுதப்பட்டிருப்பதும் பழைய எண்களே. ஒரே ஓர் ஊழியரின் கணக்கைத் தவறுதலாக அழித்துவிட்டு அதே பெயரில் மீண்டும் உருவாக்கினாலும் இதே கதைதான்: தன் கோப்புகளுக்கே அவர் அந்நியராகிவிடுவார்.

ஆகவே அனுபவசாலிகள் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்குவதில்லை. பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை வலையமைப்பில் சேர்த்து, இரண்டாவது டொமைன் சேர்வராகப் பதவி உயர்த்துகிறார்கள். பழையது தன் பதிவேட்டை வரி வரியாகப் புதியதற்குப் படியெடுத்துக் கொடுக்கும். எண்கள் அப்படியே போய்ச் சேரும். சிறு அலுவலகமென்றால் இந்தப் படியெடுப்பு ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடலாம்.

1996இல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0 காலத்தில் இவ்வளவு வசதி இருக்கவில்லை. ஒரேயொரு தலைமைச் சேர்வருக்குத்தான் பதிவேட்டில் எழுதும் உரிமை. மற்றவை வாசிக்க மட்டுமே. இன்று எந்தச் சேர்வரிலும் எழுதலாம். ஆனாலும் ஐந்து பொறுப்புகளை மைக்ரோசொப்ட் இன்னமும் ஒற்றைக் கையில்தான் வைத்திருக்கிறது. புதிய எண்களை 500, 500 ஆகப் பிரித்துக் கொடுப்பது அவற்றில் ஒன்று. இரண்டு சேர்வர்கள் ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டால் என்னாகும் என்று நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஐந்தையும் பழைய சேர்வரிலிருந்து புதியதற்குக் கைமாற்ற வேண்டும். பழையது உயிரோடு இருந்தால் இரண்டும் பேசிக்கொண்டு முறையாக ஒப்படைக்கும். செத்துப்போயிருந்தால் புதியது பொறுப்பைப் பறித்துக்கொள்ளலாம். அதற்கும் கட்டளை உண்டு. ஆனால் அப்படிப் பறித்த பிறகு, யாரோ ஒரு கைராசிக்காரர் பழையதைப் பழுது பார்த்துக் கொண்டுவந்து மீண்டும் செருகிவிடக் கூடாது. ஒரே பதவிக்கு இரண்டு பேர் உரிமை கோரும் நிர்வாகம் எப்படி இருக்கும் என்பதைக் கிழக்கின் உள்ளூராட்சியைப் பார்த்துப் பழகிய வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இரண்டு சேர்வர்களும் பேசிக்கொள்ள முதலில் நேரம் ஒத்துப்போக வேண்டும். அடையாளம் சரிபார்க்கும் கேர்பரோஸ் என்ற முறை 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பிறந்தது. யாரோ ஒருவர் பழைய அனுமதிச் சீட்டைத் திருடி வைத்துப் பிறகு பயன்படுத்தாமலிருக்க, ஒவ்வொரு சீட்டிலும் நேரத்தைக் குத்தும். இரு கணினிகளின் கடிகாரங்களுக்கிடையே அக்டிவ் டைரக்டரி பொறுக்கும் வித்தியாசம் 5 நிமிடம். அதற்குமேல் போனால் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் கதவு திறக்காது.

இலங்கைக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. 1996இல் வரட்சியால் மின்சாரம் தட்டுப்பட்டபோது, மே மாதம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்து, கிரீன்விச்சிலிருந்து 6 மணி நேரத்தில் நிறுத்தினார்கள். 2006 ஏப்ரல் 15ஆம் திகதி, புத்தாண்டை ஒட்டி, மீண்டும் பழைய ஐந்தரை மணிக்கே திரும்பினோம். சுவர்க்கடிகாரத்தை அரை மணி திருப்பினால் வேலை முடிந்தது. கணினி அப்படியல்ல. அது உள்ளுக்குள் உலகப் பொதுநேரத்தைத்தான் வைத்திருக்கிறது. நேர வலயத்தைக் கூட்டித் திரையில் காட்டுகிறது. வலயத்தைத் திருத்தாமல் திரையில் தெரிந்த நேரத்தை மட்டும் அரை மணி குறைத்தால், பார்க்கச் சரியாக இருக்கும், உள்ளே பொதுநேரம் 30 நிமிடம் பிசகியிருக்கும். அப்படிக் கையால் திருத்திய பழைய சேர்வர் ஒன்றுக்குப் பக்கத்தில், வலயம் சரியாக அமைந்த புதிய சேர்வரைக் கொண்டுவந்து வைத்தால் இரண்டின் திரையிலும் ஒரே நேரம்தான் தெரியும். ஆனால் ஒன்றையொன்று நம்ப மறுக்கும். கடவுச்சொல்லைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள். கடிகாரத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

நேரத்துக்கு அடுத்தது முகவரி. ஊழியரின் கணினிக்குச் சேர்வர் எங்கே இருக்கிறது என்று தெரியாது, டி.என்.எஸ். என்ற பெயர்ப் பட்டியலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. சிறு அலுவலகங்களில் அந்தப் பட்டியலும் அதே சேர்வரில்தான் ஓடும். புதியதற்கு எல்லாம் மாறிய பின்னும் கணினிகள் பழைய முகவரியிலேயே பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்தால், பழையதை நிறுத்திய கணத்தில் இணையம் உட்பட எல்லாம் இருண்டுவிடும். கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் அமைப்பில் ஒரு வரியை மாற்றினால் பெரும்பாலானவை சரியாகும். எப்போதோ யாரோ கையால் எண்ணைத் தட்டிவைத்த பிரிண்டர், ஸ்கேனர், கைரேகை வைக்கும் வரவுப் பதிவு இயந்திரம், சி.சி.டி.வி. பெட்டி இவைதான் கழுத்தறுக்கும். அவற்றின் பட்டியல் எழுத்தில் எங்கும் இருக்காது. அதனால்தான் பலர் கடைசியில் பழைய சேர்வரின் ஐ.பி. முகவரியையே புதியதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். அழகான வழி என்று சொல்ல முடியாது. ஆனால் நிம்மதியான வழி.

இன்னொரு மாயமும் இருக்கிறது. விண்டோஸ் கணினி தன்னில் கடைசியாக நுழைந்த 10 பேரின் அடையாளத்தை நினைவில் வைத்திருக்கும். சேர்வர் இல்லாவிட்டாலும் அவர்களை உள்ளே விடும். பழையதை நிறுத்திய மறுநாள் எல்லோரும் வழமைபோல உள்ளே போவதைப் பார்த்து, வேலை கச்சிதம் என்று முதலாளி பணத்தைக் கொடுத்துவிடுவார். கடவுச்சொல் மாற்ற வேண்டிய நாளில், அல்லது புதிய ஊழியர் வந்து சேரும் நாளில்தான் உண்மை தெரியும். பழையதை உடனே பதவி நீக்காமல் சில நாட்கள் வெறுமனே அணைத்து வைத்துப் பார்ப்பவர்கள் இந்தக் குழியில் விழுவதில்லை.

இவ்வளவு சடங்கு எதற்கு, பழைய ஹார்ட் டிஸ்க்கை அச்சு அசலாகப் படியெடுத்துப் புதிய பெட்டியில் போட்டால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வீட்டுக் கணினிக்கு அது பொருந்தும். ஒரேயொரு சேர்வர் மட்டும் இருக்கும் இடத்திலும் அநேகமாகப் பிழைத்துவிடலாம். இரண்டு இருக்கும் இடத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

ஒவ்வொரு டொமைன் சேர்வரும் தன்னில் நடக்கும் மாற்றங்களுக்கு வரிசை எண் போடுகிறது. அதன் கூட்டாளி, உன்னிடமிருந்து 5000 வரை வாங்கிவிட்டேன் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. இப்போது முதல் சேர்வர் பழுதாகிறது. போன மாதப் படியைப் போட்டு எழுப்புகிறார்கள். அந்தப் படியில் எண்ணிக்கை 4200இல் நிற்கிறது. எழுந்த சேர்வர் எதுவும் நடக்காததுபோல 4201, 4202 என்று புதிய மாற்றங்களை எழுதுகிறது. கூட்டாளியோ, 5000 வரை ஏற்கெனவே வாங்கியாயிற்றே என்று அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எண்ணூறு மாற்றங்கள் யாருக்கும் தெரியாமல் காணாமல் போகின்றன. ஓர் ஊழியரின் கடவுச்சொல் ஒரு சேர்வரில் ஒன்று, மற்றதில் வேறொன்று. பிழைச்செய்தி எதுவும் வராமலே இரண்டு பதிவேடுகளும் விலகிப் போய்க்கொண்டிருக்கும். பின்னாளில் மைக்ரோசொப்ட் இதைக் கண்டுபிடிக்கும் காவலொன்றை வைத்தது: சந்தேகம் வந்தால் அந்தச் சேர்வரைத் தனிமைப்படுத்திவிடும். மெய்நிகர் கணினிகளில் இயங்கும் சேர்வர் தான் பின்னோக்கி இழுக்கப்பட்டதை உணரும் ஏற்பாடு 2012ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது.

நீண்ட நாள் அணைந்திருந்த சேர்வர் திரும்பி வருவதும் இதே குடும்பத்து நோய். அழிக்கப்பட்ட கணக்கின் குறிப்பைப் பதிவேடு வழமையாக 180 நாள் வைத்திருக்கும். ஆரம்பப் பதிப்புகளில் 60 நாள்தான். அந்தக் காலத்துக்குள் எல்லாச் சேர்வர்களும் அழிப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு மாதம் அலுமாரியில் கிடந்த பழைய சேர்வரை, சும்மா கிடக்கிறதே என்று எடுத்துச் செருகினால், வேலையை விட்டுப்போனவர்களின் கணக்குகள் உயிரோடு எழுந்து வரலாம்.

படிகள் பல இருந்தால் பாதுகாப்பு என்பதும் பாதி உண்மைதான். டென்மார்க்கின் மேர்ஸ்க் நிறுவனம் கப்பல் வர்த்தகத்தின் அரசர்களில் ஒன்று. கொழும்புத் துறைமுகத்தில் அதன் கொள்கலன்களைக் காணாத நாள் இருக்காது. உலகெங்கும் சுமார் 150 டொமைன் சேர்வர்கள் வைத்திருந்தது. ஒன்று விழுந்தால் மற்றது பதிவேட்டைக் கொடுக்கும் என்பது திட்டம். 2017 ஜூன் 27 அன்று, உக்ரேனியக் கணக்கியல் மென்பொருள் ஒன்றின் வழியாகக் கிளம்பிய நொட்பெட்யா என்ற அழிப்பான் அத்தனையையும் ஒரே வீச்சில் துடைத்தது. எல்லாம் ஒன்றையொன்று நம்பியிருந்தன. எல்லாம் ஒன்றாகவே போயின. ஒரேயொரு சேர்வர் மட்டும் மிஞ்சியது. கானாவில். தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே கரண்ட் போயிருந்தது!

பதிவேடு பல நூறு கிகாபைட். கானாவின் இணைய வேகத்தில், மீட்புப் பணி நடந்த இங்கிலாந்துக்கு அனுப்பி முடிக்க நாட்கணக்காகும். அங்கிருந்த ஊழியரிடம் பிரித்தானிய விசா இல்லை. எனவே அவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னோர் ஊழியரின் கையில் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதை வைத்துத்தான் நிறுவனம் மீண்டும் கட்டப்பட்டது: 10 நாட்களில் 4,000 சேர்வர்கள், 45,000 கணினிகள் என்று அதன் தலைவர் பின்னர் டாவோஸில் கணக்குச் சொன்னார். இழப்பு 250 முதல் 300 மில்லியன் டொலர். மின்வெட்டைத் திட்டியே பழகிய கல்முனை வியாபாரி இந்தக் கதையைக் கேட்டால் என்ன சொல்வாரோ.

இலங்கையில் நடந்தது வேறு வகை. அரசாங்க மேகத்தில் (கிளவுட்) ஓடிய மின்னஞ்சல் அமைப்பு 2023இலும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சில்தான் இயங்கியது. ஊழியர்களை அடையாளங்காண எக்ஸ்சேஞ்ச் நம்பியிருப்பதும் இதே அக்டிவ் டைரக்டரியைத்தான். அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் யோசனை 2021 முதலே இருந்தது. பணமும் தீர்மானங்களும் இழுபட்டன. 2023 ஓகஸ்ட் இறுதியில் கப்பம் கேட்கும் மென்பொருள் உள்ளே நுழைந்தது. வலையமைப்போடு இணைந்திருந்த பெக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. கழற்றித் தனியே வைத்த பெக்கப் இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போயின.

தள்ளிப்போட்டவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டில் சேர்வரின் விலை ஒரு சதமும் ஏறாமலே இங்கே 80 வீதம் ஏறிவிட்டது. மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு, யூ.பி.எஸ். எவ்வளவுக்குத்தான் தாங்கும்? அந்த வருடம் புதிய சேர்வர் வாங்கும் யோசனையை ஒத்திவைத்தவர்கள், 2012 விண்டோஸ் சேர்வரின் ஆதரவு முடிந்த 2023 ஒக்டோபர் 10ஆம் திகதிவரை வந்து நின்றார்கள்.

கரையோரத்தில் இரண்டாவது சேர்வரை எங்கே வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; 10,000 பேருக்கும் மேல். வீட்டோடு பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் கடையின் கணக்குக் கொப்பியும் போயின. புதிய சேர்வர் வந்ததும் பழையதை அதே அறையின் மூலையில் துணைக்கு வைத்துக்கொள்வது வழக்கம். கடைக்குச் சம்மாந்துறையிலோ அம்பாறை நகரிலோ கிளை இருந்தால் துணைச் சேர்வர் போக வேண்டிய இடம் அதுதான். கடலும் திருடனும் குழாய் உடைப்பும் இரண்டையும் ஒன்றாகத் தொட முடியாது. உப்பும் அங்கே குறைவு.

எல்லாம் முடிந்த பிறகு பழைய பெட்டி பாக்கி. முறையாகப் பதவி நீக்கினால் அது தன் பெயரைப் பதிவேட்டிலிருந்து தானே அகற்றிக்கொண்டு சாதாரணக் கணினியாகிவிடும். ஆனால் அதன் ஹார்ட் டிஸ்க் தட்டில் ஊழியர் அனைவரின் கடவுச்சொற்களும் குறியீட்டு வடிவில் இருந்த கோப்பு அழிந்ததுபோல இருக்கும். மீட்கும் மென்பொருளுக்கு அகப்படலாம். செத்துப்போய்ப் பொறுப்பு பறிக்கப்பட்ட சேர்வரிலோ அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும். பழைய இரும்பு எடுப்பவரின் தராசில் ஏறுவதற்கு முன் தட்டைக் கழற்றியாக வேண்டும். சுழலும் காந்தத் தட்டென்றால் முழுவதும் ஒருமுறை மேலெழுதினால் போதும். சுழலாத எஸ்.எஸ்.டி. வகைக்கு அது போதாது, ஏனென்றால் அது எழுதும் இடத்தைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்கென்று தயாரிப்பாளர் வைத்திருக்கும் அழிப்புக் கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். மிச்சமுள்ள அட்டைகளையும் மின்கலத்தையும் எரிக்காமல், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடலாம்.